துருவ வளைவரைகளின் பரப்பு: எல்லை எங்கே?

துருவ ஆயத்தொலைகளில் பரப்புக் காணும் சூத்திரம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர் வர்க்கத்தைத் தீட்டாவைப் பொறுத்துத் தொகையிட்டுப் பாதியாக்க வேண்டும். எங்கிருந்து எதுவரை என்பதில்தான் இடறுகிறோம்.

ஒரு தேர்வில் ஆர் = 14 கொசைன் தீட்டா என்னும் வளைவரையின் பரப்பைக் கேட்டிருந்தார்கள். வட்டந்தானே என்று 0 முதல் 360 பாகை வரை எல்லையிட்டேன். பை = 22/7 எனக்கொள்ள, 308 வந்தது. ஆரம் 7 உள்ள வட்டத்தின் பரப்போ 154! தொகையிட்டதில் ஒரு வரியும் பிழையில்லை. விடை மட்டும் இரு மடங்கு.

காரணம் விளங்கியது சின்னசேலத்தில், எங்கள் வயலின் வட்டக் கிணற்று விளிம்பில். அதன் ஆரமும் 7 மீட்டர் என்றே கொள்வோம். நிற்குமிடமே துருவம், மையத்தை நோக்கும் திசை 0 பாகை. எதிர்க்கரை 14 மீட்டரில் இருக்கிறது. இடப்புறம் திரும்பத் திரும்பக் கரை நெருங்கி வந்து, 90 பாகையில் தொலைவு பூச்சியமாகிறது. வலப்புறமும் அவ்வாறே. ஆக, -90 முதல் 90 பாகைக்குள் கிணறு முழுதும் அடங்கிவிட்டது. முதுகுப்புறம் இருப்பது வரப்புதான்.

ஆனால் சமன்பாடு அங்கே ஓய்வதில்லை. 90 பாகையைக் கடந்ததும் கொசைன் குறை எண்ணாகிறது. ஆர் குறை எண்ணானால் முகம் நோக்கும் திசைக்கு நேர் எதிரே அளக்க வேண்டும். வரப்பைப் பார்த்து நின்றுகொண்டு முதுகுக்குப் பின்னால் கல்லை எறிந்தால், அது அதே கிணற்றில்தானே விழும்! கிணற்றை இரண்டாம் முறை அளந்திருக்கிறேன். சூத்திரத்தில் ஆர் வர்க்கமாவதால் குறைக்குறி மறைந்துவிடுகிறது; பிழை கண்ணில் படுவதில்லை.

ஆகவே வளைவரை ஒரே முறை வரையப்படும் இடைவெளியைத்தான் தேட வேண்டும். ஆர் = 0 எனக்கொண்டு தீர்த்தால் பெரும்பாலும் அது கிட்டும். (தொகையிடுமுன் பாகையை ரேடியனாக்க மறவாதீர்.) ஆர் = ஏ கொசைன் 3 தீட்டா என்னும் மலரில் ஓர் இதழ் -30 முதல் 30 பாகை வரை; அதன் பரப்பு, பை ஏ வர்க்கத்தில் 12இல் ஒரு பங்கு. மூன்று இதழ்களும் சேர்ந்து கால் பங்கு. இம்மலர் 180 பாகையிலேயே முடிந்துவிடுகிறது. 360 வரை போனால் கிணற்றுக் கதைதான்.

கொசைன் 2 தீட்டாவோ வேறு வகை. கோணத்தோடு 180 பாகையைக் கூட்டினாலும் ஆரின் குறி மாறாது. திசை மட்டும் எதிராகும். எனவே புதிய இதழ்கள் விரிகின்றன. நான்கு இதழ்களுக்கும் 360 பாகையும் தேவை. பரப்பு, பை ஏ வர்க்கத்தில் சரி பாதி.