படபடப்புக்கு எந்த மூலிகை?

"மனசு கெடந்து அடிச்சுக்குது, ராத்திரி தூக்கமே இல்லை, ஏதாவது குடுங்கண்ணே." தேனி அல்லிநகரத்தில் நாட்டு மருந்துக் கடையில் இப்படிக் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது அமுக்கராப் பொடி. அது நல்ல மருந்துதான். ஆனால் உங்கள் படபடப்பு எதனால் வருகிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது. பல நேரம் நமக்கே தெரியாது.

தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் கெடும். ரத்தசோகையிலும் படபடக்கும். அமுக்கராவோ தைராய்டு சுரப்பை ஏற்றிவிடக்கூடியது. ஏற்கெனவே ஏறியிருப்பவர் அதைத் தின்றால் படபடப்பு கூடத்தான் செய்யும். அதனால் மூலிகை வாங்குவதற்கு முன் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து மருத்துவமனையிலோ ரத்தம் கொடுத்துத் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சுவலியும் சேர்ந்திருந்தால் மூலிகைப் பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனை.

பரிசோதனையில் கோளாறு இல்லை, கவலையும் பயமும்தான் காரணம் என்றால் என் முதல் தேர்வு அமுக்கராதான். நம் கடைகளில் கிடைக்கும் மற்ற மூலிகைகளைவிட இதற்குத்தான் சோதனைச் சான்று அதிகம். 2012-இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்றில், நெடுநாள் மன அழுத்தம் இருந்த 64 பேரில் பாதிப் பேருக்கு அமுக்கரா வேர்ச்சாறு வேளைக்கு 300 மில்லிகிராமாகத் தினம் இருவேளை 60 நாள் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. வேர்ச்சாறு சாப்பிட்டவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். அதன்பின் வந்த பல ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்கின்றன.

கடையில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும். வெறும் கிழங்குப் பொடி ஒன்று, அமுக்கராச் சூரணம் இன்னொன்று. சித்த முறைச் சூரணத்தின் கணக்கு அழகானது: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, நம் போடி ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. அதாவது பாதிக்குப் பாதி சர்க்கரை! நீரிழிவுக்காரர் சூரணத்தை விட்டுவிட்டு, சித்த மருத்துவரைக் கேட்டுக் கிழங்குப் பொடிக்குப் போவதே மேல். அல்சர் இருப்பவருக்குச் சுக்கும் மிளகும் எரிச்சல் தரும். அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுகளில் மருத்துவர் பார்த்து இலவசமாகவே தருவார்கள். கடைப் பொட்டலத்தைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

அமுக்கரா தூக்கக் கலக்கம் தரும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தினம் ஜீப் ஓட்டுகிறவர் பகலில் தொடக்கூடாது. ராத்திரிப் பாலோடு சரி. கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அறவே வேண்டாம். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக்கூடாது. கண் மஞ்சளானால் அன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது வல்லாரையும் நீர்ப்பிரமியும். 'பிரமி' என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரை வரும், இன்னொன்றில் நீர்ப்பிரமி வரும். இரண்டும் வேறு வேறு செடிகள், பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நீர்ப்பிரமிக்கு ஞாபகசக்தியில் இருக்கும் சான்று பதற்றத்தில் அவ்வளவு இல்லை. வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், மருந்தாக அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

சீமைச்சாமந்தித் தேநீர் லேசான பதற்றத்துக்கு மெல்லக் கைகொடுக்கும், விலைதான் அதிகம். துளசி கஷாயம் பொதுவாகக் கெடுதல் செய்யாது. சொல்லப்போனால், நாளுக்கு ஆறு டீ குடிப்பவர் அதில் நாலை விட்டு துளசிக்கு மாறினால், டீயைக் குறைத்ததே பாதி நிம்மதியைத் தந்துவிடும்.

சாதிக்காய் விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. தூக்கத்துக்கென்று பாலில் ஒரு சிட்டிகை உரைத்துப் போடுவது வீட்டு வழக்கம். அந்த அளவோடு நிற்க வேண்டும். தூக்கம் வரவில்லையே என்று ஒரு காயையே அரைத்துக் குடித்தால் நெஞ்சு தறிகெட்டு அடிக்கும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். தூக்கத்துக்கென்று சிலர் கேட்கும் சடாமாஞ்சில் இமயமலையில் அழிந்துகொண்டிருக்கும் செடி, கலப்படமும் மிகுதி. வாங்க வேண்டாம் என்பேன். பதற்றத்துக்கென்று இணையத்தில் விற்கும் காவா மாத்திரையையும் தொடாதீர்கள், கல்லீரலைக் கெடுத்ததாக ஜெர்மனியே 2002-இல் தடை போட்ட சரக்கு அது.

எதை எடுத்தாலும் இரண்டு மாதம் பாருங்கள். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை மூலிகையை நம்பித் திடீரென நிறுத்திவிடாதீர்கள். பயம் வேலைக்கோ சந்தைக்கோ போகவிடாமல் வீட்டிலேயே முடக்கினாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ, மூலிகைக்குக் காத்திராமல் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது; 24 மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலேயே பேசலாம்.