புதிய தளத்திற்கு ஈரக் காப்பு

பருவமழைக்கு முன் கூரைத் தளத்தை முடித்துவிட வேண்டும் என்பது மைசூரில் வீடு கட்டுவோரின் பொதுவான விருப்பம். ஆனால் கோடை வெயிலும் வறண்ட காற்றும் புதிய கான்கிரீட்டுக்குப் பகையானவை. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு அடங்கிய தளத்தின் ஆயுளை அதன் முதல் இரண்டு வாரங்களே பெரிதும் நிர்ணயிக்கின்றன.

கான்கிரீட் காய்வதால் இறுகுவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சிமெண்ட் நீருடன் வேதியியல் முறையில் வினைபுரிவதாலேயே அது இறுகுகிறது. ஈரம் வற்றினால் வினை தடைப்படும். மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றும். அவற்றின் வழியே இறங்கும் மழைநீர் உள்ளிருக்கும் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் இழந்த வலிமை முழுமையாக மீளாது.

கொத்தனார்கள் 'கியூரிங்' என்று கூறும் ஈரக் காப்புக்கு, ஐ.எஸ். 456 (2000) என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு கால அளவு வகுத்துள்ளது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாட்கள். வெப்பமும் வறட்சியும் மிக்க காலத்தில் 10 நாட்கள். நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்டுக்கும் 10 நாட்கள் தேவை. அதனை 14 நாட்களாக நீட்டிப்பது நலம்.

தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குவது வழக்கம். 1,000 சதுர அடித் தளத்தில் 5 செ.மீ. உயரம் நீர் நிற்க, ஏறத்தாழ 4,600 லிட்டர் வேண்டும். ஆவியாகும் அளவை அவ்வப்போது ஈடுசெய்யவும் வேண்டும். மைசூரைப் போலவே காவிரி நீரை நம்பியுள்ள பெங்களூரில், 2024 மார்ச்சில் கட்டுமானத்திற்குக் குடிநீரைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டு, மீறுவோருக்கு ரூ. 5,000 அபராதம் விதிக்கப்பட்டது. எனவே நனைத்த சாக்குகளைப் பரப்பி, அவற்றின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை மூடி வைப்பது சிக்கனமான முறையாகும். சாக்கு ஒருபோதும் உலரலாகாது. உப்பு மிகுந்த நீரையும் கழிவுநீரையும் தவிர்த்தல் வேண்டும்.

வீட்டு முற்றத்தில் இடப்படும் தார்த் தளத்தின் இயல்பு வேறு. சூடாகப் பரப்பப்படும் தார்க் கலவை குளிர்ந்து இறுகுகிறது. அதற்கு ஈரக் காப்பு தேவையில்லை. முழுவதும் ஆறும்வரை வாகனங்களை அதன்மேல் விடலாகாது. கோடையில் இருசக்கர வண்டியின் ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்தால் குழி விழாது. பெட்ரோலும் டீசலும் தாரைக் கரைப்பவை. சிந்தினால் உடனே துடைத்தல் அவசியம்.

அரசு உதவித்தொகை பெற்றுப் பயனாளிகளே கட்டிக்கொள்ளும் வீடுகளில் ஈரக் காப்பு பெரும்பாலும் குடும்பத்தினரின் பொறுப்பாகிவிடுகிறது. மேற்பார்வைப் பொறியாளர் கம்பியையும் கலவையையும் சோதிப்பதுடன், கான்கிரீட் இட்ட தேதியையும் ஈரக் காப்பு முடியும் தேதியையும் சுவரில் எழுதி வைக்கச் செய்யலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை; கிடைக்கும் பயனோ தளத்தின் ஆயுள் முழுவதும் நிலைக்கும்.