தாங்கிரா அன்னையர்

சென்னைத் தியாகராயநகரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் மாலைப்பொழுதில் தெருவோரத்தே தள்ளுவண்டிகள் நிற்கக் காணலாம். அகன்ற இரும்புச் சட்டியில் தீ மேலெழ, முட்டைக்கோசும் குடைமிளகாயும் கூட்டிக் கிளறப்படும் ஓர் உணவின் பெயர் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று வண்டிப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதனை உண்பார் பலர். ஹக்கா என்பது யாதென வினவுவார் சிலரே. அஃது ஊரின் பெயரன்று. சமைக்கும் முறையின் பெயருமன்று. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர்.

சீன நாட்டின் வடபகுதியினின்று பல நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கே பெயர்ந்து சென்றோரை, அங்கு முன்னரே வாழ்ந்தோர் ‘விருந்தினர் குடி’ என்னும் பொருள்பட ஹக்கா என்று வழங்கினர். தமிழிலும் விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியராய் வந்தவரே விருந்தினர். ஆயினும், அவ்வாறு பெயரிட்டவர்கள் நல்ல வயல்களைத் தாமே வைத்துக்கொண்டனர். ஹக்கா மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மலைச்சரிவுகளே. அக்காலச் சீனத்தில் பெண் குழந்தைகளின் பாதங்களை இறுகக் கட்டிச் சிறுக்க வைக்கும் கொடிய வழக்கம் இருந்தது. ஹக்கா மகளிர் அதனை மேற்கொண்டிலர். கட்டிய காலோடு மலைவயலில் உழுவது எங்ஙனம்?

இம்மக்களுட் பலர் கல்கத்தாவுக்கு வந்தனர். சீனர் வங்கத்திற் குடியேறத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். ஹக்கா மக்கள் 20ஆம் நூற்றாண்டில் நகரின் கிழக்கெல்லையிலுள்ள தாங்கிரா என்னும் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொழிலை நிறுவினர். பிறர் இழிவென்று ஒதுக்கிய தொழில் அது. ஆகவே அதிற் போட்டியில்லை. கீழே தோற் குழிகள், மேலே வீடு. ஆடவர் தோல் வாங்கவும் விற்கவும் வெளியே செல்வர். பெண்டிர் குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு, உலரும் தோல்களைப் புரட்டுவர். அதற்கிடையே அடுப்பையும் கவனிப்பர். சுண்ணாம்பு நாற்றத்துக்கும் இஞ்சி மணத்துக்கும் நடுவே அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தனர்.

1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லைப்போர் மூண்டது. ஒரு திங்களிற் போர் ஓய்ந்தது. ஆனால் அதன் வெம்மை ஓயவில்லை. அசாமிலும் சில்லாங்கிலும் டார்ஜிலிங்கிலும் வாழ்ந்த சீன மரபினர் ஏறத்தாழ 3,000 பேர் பிடிக்கப்பட்டு, இராசத்தானத்திலுள்ள தேவ்லி முகாமுக்குத் தொடர்வண்டியில் அனுப்பப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் இந்தியாவிற் பிறந்தவர். சீனத்தைக் கண்ணாற் கண்டறியாதவர். பயணம் ஒரு வாரம் நீடித்தது. இம்முகாம் புதியதன்று. விடுதலைப் போராட்டக் காலத்தில், 1941ஆம் ஆண்டில், செயப்பிரகாச நாராயணர் அடைபட்டிருந்த இடமும் அதுவே. தேசத் தொண்டரை அயலார் அடைத்த கொட்டடியில், விடுதலை பெற்ற நாடு சிறுபிள்ளைகளையும் முதியோரையும் அடைத்தது. இதனை மறைத்துச் சொல்வதால் பயனில்லை. அம்முகாமிற் பிறந்த குழந்தைகளும் உண்டு.

முகாமில் இருந்தவருட் பலர் சீனம் செல்ல இசைந்தனர். அவர்களை ஏற்றிச் செல்ல 1963ஆம் ஆண்டு சீனக் கப்பல்கள் வந்து நின்ற இடம் நமது சென்னைத் துறைமுகமே. ஈராயிரவர்க்கு மேற்பட்டோர், தாம் பிறந்த நாட்டைச் சென்னைக் கரையில் நின்று இறுதியாகக் கண்டு கப்பலேறினர். எஞ்சியோர் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டனர். பல குடும்பங்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய வீட்டில் வேறொருவர் இருந்தார்; கடை ஏலம் போயிருந்தது.

சில்லாங்கினின்று தேவ்லிக்குக் கொண்டுபோகப்பட்ட சிறுமியருள் ஒருவர் மோனிகா லியூ. கல்வி கற்க வேண்டிய ஆண்டுகளை அவர் முள்வேலிக்குள் கழித்தார். பின்னர்க் கல்கத்தாவில் முதலில் ஓர் அழகு நிலையம் நடத்தினார். அதன்பின் தாங்கிராவில் ‘கிம்லிங்’ என்னும் உணவு விடுதியைத் தொடங்கினார். ‘பெய்ஜிங்’, ‘மாண்டரின்’ முதலிய விடுதிகளும் அவர் பொறுப்பில் வளர்ந்தன. அடைபட்ட கதையை வெளிப்படையாகப் பேசிய சிலருள் அவரும் ஒருவர். முகாமிலிருந்த மற்றையோருள் மிகப் பலர் தம் பிள்ளைகளிடங்கூட அதனைச் சொல்லாமலே இருந்துவிட்டனர்.

தாங்கிராவுக்கு மற்றொரு திருப்பம் 1996ஆம் ஆண்டில் வந்தது. ஆற்றையும் காற்றையும் மாசுபடுத்துவதால் தோல் தொழிற்சாலைகள் நகரைவிட்டு நீங்குக என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நகர்ப்புறத்தே பாந்தலா என்னுமிடத்தில் தோற்றொழிலுக்கென வளாகம் அமைந்தது. புதிய இடத்தில் முதலிட இயலாதோர் என் செய்வர்? ஆணைக்கு முன்னரே சில வீடுகளில் உணவு விடுதிகள் தோன்றியிருந்தன. இப்போது மேலும் பல குடும்பங்கள் அவ்வழியை மேற்கொண்டன. தோற் குழிகள் மூடப்பட்டன, தொழிற்கூடம் உண்கூடமாயிற்று. அடுக்களை பெண்டிரின் கையில் முன்னரே இருந்தமையால், தொழிலும் அவர்கள் கைக்கு எளிதில் வந்தது. மாமியார் பணப்பெட்டியருகே அமர்வார். மருமகள் விருந்தினரை வரவேற்பார். பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஒரு மூலை மேசையில் வீட்டுப்பாடம் எழுதும்.

அவர்கள் சமைத்தது சீனத்துப் பாட்டியர் சமைத்ததன்று. அங்கு மெல்லிய சுவை. இங்கு பச்சை மிளகாயும் பூண்டும் இஞ்சியும் மிகுதி. சோயா மொச்சையைப் புளிக்கவைத்து எடுத்த கருஞ்சாற்றில், உண்பவரின் நாவறிந்து காரம் ஏற்றினர். இதனைக் கலப்பென்று குறைகூறுவோர் உளர். உண்பவர் முகத்தைப் பார்த்துச் சமைப்பதே சமையல் என்பதை அவர்கள் மறந்தனர் போலும். அக்கைப்பக்குவமே நாடெங்கும் பரவி, சென்னைத் தள்ளுவண்டி வரை வந்திருக்கிறது.

வருவாய் பெருகியதும் அன்னையர் முதலிற் செய்தது பிள்ளைகளைப் படிக்கவைத்ததே. படித்த பிள்ளைகள் கனடாவுக்கும் ஆசுத்திரேலியாவுக்கும் சென்றனர். தொராண்டோ நகரில் இன்று கல்கத்தாச் சீனர் நடத்தும் உணவு விடுதிகள் உள்ளன. தாங்கிராவிற் குடிகள் குறைந்தன. அங்கே சிறியதொரு காளி கோயில் உண்டு; சீனர் பேணிவரும் கோயில் அது. மாலையில் அங்குப் பூசை நடைபெறுகிறது. காளிக்குப் படைத்துப் பின் அடியார்க்கு வழங்கப்படும் பிரசாதங்களுள் நூடுல்சும் ஒன்று.