பூச்சட்டிக்குத் துணி உறி

1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் நம் தோட்டத்துச் சனம் பலர் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறினார்கள். மன்னார் வீதியில் பூவரசங்குளத்தில் அப்படிப் போன உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் தொங்கிய துணி உறி, செடிக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு அறுந்து விழுந்தது. சற்று முன்தான் பிள்ளை அதனடியில் விளையாடிக்கொண்டிருந்தது. துணி கிழியவில்லை, பையின் வாயில் வைத்துத் தைத்த காதுதான் பிய்ந்திருந்தது.

நம் பாட்டிமார் கட்டிய உறியில் கயிறு பானையின் அடியால் போகும். துணியிலும் அப்படித்தான் செய்ய வேணும்.

ஆறு அங்குல வாய்ச் சட்டிக்கு, தடித்த கன்வஸ் துணியில் 5 அங்குல அகலம், 6 அடி நீளத்தில் இரண்டு பட்டி வெட்டுங்கள். ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, பாதியாய் மடித்துத் தைத்தால் 2 அங்குலப் பட்டி வரும். இரண்டையும் நடுவில் கூட்டல் குறிபோல் வைத்து, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள். சட்டியை அதன்மேல் வைத்து, பட்டிகள் விலகாமல் சுற்றிவர ஒரு துணி வாரைப் பிடித்துத் தையுங்கள். நாலு நுனியையும் இரும்பு வளையத்தில் கோத்து மடித்து, அதே சதுரத் தையல். இங்கே துணி எட்டு மடிப்பு. மெசின் திணறினால் கோணி ஊசியும் இரட்டை நைலோன் நூலும்தான் வழி.

உரப்பை வேண்டாம், வெயிலில் பொடிந்துவிடும்.

நனைந்த மண்ணோடு சட்டி மூன்று நான்கு கிலோ வரும். ஆகவே முதலில் எட்டுக் கிலோ கல்லை ஓர் இரவு தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகும் இஸ்தோப்பில் பிள்ளைகள் நடக்கும் இடத்தை விட்டு ஓரமாகவே மாட்டுங்கள். அடிப்பக்கம் எப்போதும் ஈரம். துணி அங்கேதான் முதலில் உக்கும். மாதம் ஒருதரம் கழற்றிப் பாருங்கள். வடியும் தண்ணீருக்குத் தட்டு வைத்தால் தினமும் கொட்டுங்கள், டெங்கு நுளம்புக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.