ஓடுகிறவருக்காகக் காத்திருப்போருக்கு

மூவார் தஞ்சோங் எமாஸ் பூங்காவில் விடியுமுன்னே ஓடுகிற நம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஆள் நிறைய. பந்தயம் முடியும் இடத்தில் துண்டோடு நிற்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும்தான் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக இருந்தவன் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

1. வெயில் ஏறினால்தான் ஆபத்து என்று இருந்துவிடாதீர்கள். மூவாரில் பொழுது விடிய ஏழு மணி ஆகும். நான்கு மணிக்கே ஓட்டத்தைத் தொடங்கினால் வெயிலுக்குப் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் ஆற்றோரத்து விடியற்காலையில் காற்று முழுக்க ஈரம். வேர்வை வழியும், காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்! 2019இல் டோஹாவில் பெண்களின் உலக மாரத்தானை வெப்பத்துக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 30 பாகைக்கு மேல் சூடு, 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். அத்தனை பேரும் தேர்ந்த ஓட்டக்காரிகள். நம் பையனோ வேலை முடிந்து வந்து ஓடிப் பழகுகிறவன். மாரத்தானுக்கு ஐந்து மணி நேரம் எடுப்பான், கடைசிப் பகுதியில் வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

2. அந்த வாரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால் அனுப்பாதீர்கள். பணம் கட்டியாயிற்று என்பான். அதனால் என்ன? 2013 ஜூனில் புகைமூட்டக் குறியீடு 700ஐத் தாண்டி மூவாருக்கும் லேடாங்குக்கும் அவசரநிலை அறிவித்தார்களே, அந்தப் புகையில் கோலாலம்பூர் மாரத்தானையே தள்ளிவைத்தார்கள். 2015இல் புகையால் அடியோடு ரத்து. ஊரே ஓடும் பந்தயம் நின்றபோது முழுகாத குடி, இவன் ஒருவன் நின்றால் முழுகிவிடாது.

3. கண்ட இடத்திலெல்லாம் தண்ணீரைக் கொடுத்துத் திணிக்க வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்கு உப்புச்சத்து குறைந்திருந்தது. அளவுமீறிக் குடித்ததுதான் அதற்குப் பெரிய காரணம்.

4. இதை மட்டும் மறக்காதீர்கள். சூடு மூளைக்கு ஏறியவனுக்குத் தனக்கு ஏறியது தெரியாது. "ஒன்றுமில்லை, விடு" என்று எரிந்து விழுவான். கால் பின்னும், எதிரில் நிற்கும் உங்களையே வெறித்துப் பார்ப்பான். "காரை எங்கே நிறுத்தினோம்?" என்று கேளுங்கள். பதில் உளறலாக வந்தால் அவன் பேச்சைக் கேட்காதீர்கள், ஓட்டத்தை நிறுத்துங்கள். வேர்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று ஏமாற வேண்டாம். ஓடிச் சூடேறியவனுக்கு உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டினாலும் வேர்க்கும்.

முடித்துவிட்டான் என்று மூச்சு விட்டுவிடவும் கூடாது. முடித்த பிறகு சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. அரை மணி நேரமாவது கண்ணில் வைத்திருங்கள். காலையில் சாப்பிடப் போகும் சாத்தே எங்கும் ஓடிவிடாது.

5. விழுந்துவிட்டானா? மருத்துவக் கூடாரத்துக்கு ஆள் அனுப்புங்கள், 999ஐ அழையுங்கள். வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, காலணியையும் மேல்சட்டையையும் கழற்றுங்கள். தொட்டி இருந்தால் ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளைத் தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று போட்டு, சூடேற ஏற மாற்றுங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிரவையுங்கள், பிறகு கொண்டுபோங்கள். அரை மணிக்குள் சூடு இறங்கியாக வேண்டும். காரில் போட்டுக்கொண்டு சாலை நெரிசலில் நிற்பதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம்.

6. நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைத் தணிக்காது.

7. அடுத்த ஓட்டத்துக்கு, நெஞ்சில் குத்தும் எண் சீட்டின் பின்பக்கத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையும் ஓடுகிறவருடைய நோய், மருந்து விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.