சோத்தாங்கை உலகத்தில் ஒரு நொட்டாங்கை



முதலில் ஒரு விடுகதை. வால் உண்டு, பூனைக்குப் பயமில்லை. மேசை மேல ஓடும், நெல்லு தின்னாது. அது என்ன? கண்டுபிடிச்சிட்டீங்களா? கம்ப்யூட்டர் மவுஸ்தான்! தமிழில் சுட்டி என்று சொல்கிறோம். அந்தச் சுட்டி என்னை அழ வைத்த கதையையும், பிறகு நானும் அதுவும் ராசியான கதையையும்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன்.

இந்தத் தாளில் அங்கங்கே மை இழுபட்டிருக்கும். திட்டாதீங்க. அதற்கும் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நடந்தது என்ன?

நான் இடது கையால் எழுதுகிறவள். எங்க ஊர்ப் பக்கம் வலது கையை சோத்தாங்கை என்பார்கள், சோறு சாப்பிடும் கை என்பதால். இடது கைக்கு நொட்டாங்கை என்று பெயர். என் பெயரை விட்டுட்டு 'ஏய் நொட்டாங்கை' என்று கூப்பிட்டவர்கள் நம் பள்ளியிலேயே உண்டு. அவர்கள் யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

போன வருடம் கம்ப்யூட்டர் வகுப்பில் வீடு படம் வரையச் சொன்னார்கள். மவுஸ் வலது பக்கம் இருந்தது. எல்லோரையும் போல வலது கையால் பிடித்தேன். கோடு நேராக வரவே இல்லை. கூரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவள் 'இவளுக்கு கம்ப்யூட்டரே வராது டீச்சர்' என்று சொல்லிட்டாள். போட்டிக்குப் பெயர் எழுதும்போது என் பெயர் இல்லை. அன்று எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதற்குப் பிறகு பல வாரம் நான் மவுஸைத் தொடவே இல்லை. நமக்கு மூளை கம்மி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இடது கை ஏன் வருகிறது?

உலகத்தில் 100 பேரை எடுத்தால் சுமார் 10 பேர் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள். எங்க வகுப்பில் என்னோடு சேர்த்து மூன்று பேர்.

நம் மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிறது. வலது பாதி இடது பக்கத்தை இயக்குகிறது. எந்தக் கை முந்தும் என்பது பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது. அம்மா வயிற்றில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, எந்தக் கை விரலைச் சூப்புகிறதோ, வளர்ந்த பிறகும் பெரும்பாலும் அந்தக் கைதான் பழக்கமாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே இது கெட்ட பழக்கமும் இல்லை, திமிரும் இல்லை, நோயும் இல்லை. சிலருக்குச் சுருட்டை முடி இருப்பது போலத்தான்.

பொருள்கள் எல்லாம் யாருக்காக?

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், பொருள்களில் வருகிறது. 100-க்கு 90 பேர் வலது கைக்காரர்கள் என்பதால் எல்லாவற்றையும் அவர்களுக்கே செய்துவிட்டார்கள். சில உதாரணங்கள்:

1. கத்தரிக்கோல்: வலது கையால் வெட்டும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் கொடுக்கும் அழுத்தத்தில் இரண்டு அலகும் ஒன்றோடு ஒன்று ஒட்டும். அதே கத்தரியை இடது கையில் பிடித்தால் அந்த அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும். துணி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். வெட்ட வேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

2. பேனா: தமிழை இடமிருந்து வலமாக எழுதுகிறோம். வலது கை எழுதி முடித்த எழுத்தை விட்டு விலகிப் போகும். இடது கையோ ஈர மை மேலேயே நகரும். மை இழுபடுவதற்குக் காரணம் இதுதான். தாளின் மேல் முனையை வலது பக்கம் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதினால் குறையும். சுவர் இதழ்த் தாள் பெரியதாக இருப்பதால் சாய்க்க முடியவில்லை, மன்னிக்கவும்.

3. திருகாணி: வலப்பக்கம் திருகினால் இறுகும். அந்தத் திசையில் வலது கைக்கு வலு அதிகம். இடது கைக்கு எதிர்த்திசையில்தான் வலு அதிகம். அதனால் எனக்கு இறுக்குவது கஷ்டம், கழட்டுவது சுலபம். எங்க வீட்டில் ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிப்போனால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்!

4. பெஞ்சு: நடுவில் உட்கார்ந்தால் என் முழங்கை பக்கத்தில் இருப்பவள் முழங்கையை இடிக்கும். இரண்டு பேர் எழுத்தும் கோணலாகும். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் சண்டையே இல்லை.

ஆயா சொன்ன அருவாள் கதை

எங்க ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) நான் இடது கையால் எழுதுவது பிடிக்காது. 'நொட்டாங்கையில எழுதுனா லட்சுமி தங்காது கண்ணு' என்பார்கள். சாப்பிடுவதையும் காசு வாங்குவதையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். எழுத்து மட்டும் மாறவே இல்லை.

ஒரு நாள் ஆயா பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் சோளத்தட்டு அறுக்க வரும் ஆட்களில் ஒரு அம்மா இடது கைக்காரியாம். கருக்கருவாளுக்கு ஒரு முகத்தில்தான் பல் வெட்டியிருப்பார்கள். அது வலது கைக்கு ஏற்ற முகம். இடது கையில் பிடித்தால் சரியாகப் பிடித்து அறுக்காது, வழுக்கும். அதனால் கொல்லுப்பட்டறையில் சொல்லி, மறுமுகத்தில் பல் வெட்டி அவருக்கென்று தனி அருவாள் அடித்துக் கொடுத்தார்களாம். வரிசையில் நிற்கும்போதும் ஓர முனையில் நிறுத்துவார்களாம், பக்கத்து ஆள் மேல படாமல் இருக்க. 'அவ அறுப்புக்கு ஈடு யாருமில்ல' என்று ஆயாவே பெருமையாகச் சொன்னார்கள்.

நான் உடனே கேட்டேன்: 'ஏன் ஆயா, அந்த அம்மாவுக்கு மட்டும் அருவாளை மாத்துனீங்க, எனக்கு மட்டும் கையை மாத்தச் சொல்றீங்க?'

ஆயா பதிலே பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

மவுஸுக்கும் இரண்டு பக்கம் உண்டு

அருவாளை மாற்றலாம் என்றால் மவுஸையும் மாற்றலாமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கோடை விடுமுறையில் ராசிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சான்றிதழ் நகல் எடுக்கப் போனோம். அங்கே டைப் அடிக்கும் அக்கா மவுஸை இடது பக்கம் வைத்து இடது கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். 'நீயும் இடது கையா கண்ணு? இங்க வா' என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மொத்தம் இரண்டு நிமிஷம்தான் ஆச்சு.

மவுஸைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் டக்ளஸ் எங்கெல்பார்ட். அவர் சொன்னபடி 1964-ல் பில் இங்கிலீஷ் என்பவர் செய்த முதல் மவுஸ் மரத்தால் ஆனது, அதற்கு ஒரே ஒரு பட்டன்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதை எல்லோருக்கும் செய்து காட்டினார். அப்போது அவர் வலது கையில் மவுஸையும், இடது கையில் ஐந்து கட்டை உள்ள ஒரு சின்ன விசைப்பலகையையும் பயன்படுத்தினார். முதல் நாளிலேயே இரண்டு கைக்கும் வேலை இருந்தது, பாருங்கள்!

இப்போதைய மவுஸில் நாம் அதிகம் அழுத்துவது இடது பட்டன். வலது கையில் பிடித்தால் சுட்டுவிரல் சரியாக அதன் மேல் வரும். இடது கையில் பிடித்தால் சுட்டுவிரல் வலது பட்டன் மேல் வரும். அதனால்தான் பட்டன்களையும் மாற்ற வேண்டும். செய்முறை:

1. மவுஸ் வயரை கம்ப்யூட்டருக்குப் பின்பக்கமாகச் சுற்றி, மவுஸை இடது பக்கம் வைக்கவும்.

2. விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸ் போய் மவுஸ் என்ற பகுதியைத் திறக்கவும். பிரைமரி பட்டன் என்ற இடத்தில் லெஃப்ட் என்பதை ரைட் என்று மாற்றவும். பழைய விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், மவுஸ், பட்டன்ஸ். லினக்ஸிலும் செட்டிங்ஸில் மவுஸ் பகுதியில் இது உண்டு.

3. மாற்றிய உடனே பட்டன்கள் இடம் மாறிவிடும். அடுத்த கிளிக்கை வலது பட்டனில் செய்ய வேண்டும். பயந்துவிடாதீர்கள்.

4. மவுஸ் வாங்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை வாங்கவும். கட்டைவிரலுக்குக் குழி வைத்து ஒரு பக்கம் வளைந்தது இடது கைக்கு ஆகாது. நம் பள்ளியில் இருப்பவை சாதாரண மவுஸ், அதனால் தொல்லை இல்லை.

இதில் ஒரு லாபமும் உண்டு. கீபோர்டில் எண்கள் வலது ஓரத்தில் இருக்கின்றன. நான் இடது கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டே வலது கையால் கணக்கு எண்களை அடிக்கிறேன்.

இன்னொன்று: 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய் வரிசை எழுத்துகள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். தமிழ் டைப் அடிக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பது இங்கேயும் சரிதான்.

நான் செய்த தப்பு

பள்ளி திறந்ததும் மவுஸை மாற்றி வீடு வரைந்தேன். கூரை நேராக வந்தது! அந்தச் சந்தோஷத்தில் பட்டனைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். அடுத்த பாடவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'மவுஸ் ரிப்பேர்' என்று சொல்ல, யார் கெடுத்தது என்று சார் விசாரித்தார். நான்தான் என்று எழுந்து நின்றேன். திட்டு விழும் என்று நினைத்தேன். சார் 'எப்படிச் செய்தாய், காட்டு' என்றார். காட்டினேன். இப்போது சுவர் ஓரக் கம்ப்யூட்டரில் மவுஸ் இடது பக்கம் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒரே விதி: எழும்போது பழையபடி மாற்றிவிட வேண்டும். நமக்கு வசதி வேண்டும் என்றால் அடுத்தவர் வசதியையும் பார்க்க வேண்டும்.

இவர்களையும் பாருங்கள்

நம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன் இடது கைப் பந்துவீச்சாளர். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளிலும், 2021 ஜனவரியில் டெஸ்டிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். காந்தியடிகள் 1909-ல் கப்பலில் 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதியபோது, வலது கை சோர்ந்துபோனதும் இடது கையால் எழுதினார்.

நாமக்கல் லாரி ஓட்டும் அண்ணன்மார்கள் எல்லோரும் கியர் போடுவது இடது கையால்தான். டிரைவர் வலது பக்கம் உட்கார்வதால் அப்படி. பழகினால் எந்தக் கையும் வேலை செய்யும்.

கடைசியாக நம் திருச்செங்கோடு. அர்த்தநாரீசுவரர் பாதி ஆண், பாதி பெண். வலது பாதி சிவன், இடது பாதி அம்மன். அம்மன் இருக்கும் பக்கத்தை ஆகாத பக்கம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வேண்டுகோள்

இதை நான் எனக்காக எழுதவில்லை. எனக்கு எழுத்து வந்துவிட்டது. எங்க தெருவில் ஒரு குட்டிப் பாப்பா ஒண்ணாம் வகுப்புப் படிக்கிறாள். இடது கையில் பென்சிலை எடுத்தால் அவள் அம்மா ஸ்கேலால் அடிக்கிறார். பாப்பா வலது கையில் 'அ' போட முடியாமல், ஸ்லேட்டைக் கண்டாலே அழுகிறாள். மவுஸைத் தொடாமல் இருந்த என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

2009-ம் ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் எந்தக் குழந்தையையும் அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்கிறது. பள்ளியில் கூடாதது வீட்டில் மட்டும் ஆகுமா?

நான் சொன்னால் அத்தை கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்க ஆயாவே அவர் வீட்டுக்குப் போனார்கள். 'அருவாளையே மாத்தி அடிச்சுக் குடுத்த ஊரு இது. புள்ள கையை அடிக்காத சாமி' என்று சொன்னார்கள். அத்தை 'பார்க்கலாங்க ஆயா' என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் பாப்பா எங்க திண்ணைக்கு வந்து இடது கையால் 'அ' போட்டாள். சுழி மட்டும் கொஞ்சம் பெரிசு. மற்றபடி நல்ல 'அ'.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு தம்பி தங்கை இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 13 உலக இடது கைக்காரர் தினம். அன்று ஒரு நாள் வலது கைக்காரர்கள் இடது கையால் கத்தரி பிடித்து ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். பிறகு நீங்களே என்னிடம் வந்து பேசுவீர்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி
(இடது ஓர பெஞ்சு)