வீட்டுத் தோட்டம் தொடங்குவோர்க்கான நூல்கள்

கொல்லையிலோ மாடியிலோ காய்கறி பயிரிட விரும்புவோர், களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமும் முதலில் கேட்பது, எந்த நூலைப் படித்துத் தொடங்கலாம் என்பதாகும். இதற்கு விடை கூறுமுன் ஓர் உண்மையை விளக்குதல் வேண்டும். தோட்டக்கலை நூல் கூறும் மாதங்கள், அந்நூல் எந்தப் பிரதேசத்துக்காக எழுதப்பட்டதோ அதற்கே பொருந்தும். இதனை உணராது விதைப்பவர் விதையையும் நீரையும் இழப்பதோடு, தம் மண்ணில் எதுவும் விளையாது என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுகிறார். புனே நகரின் நிலைமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வசந்தம் எது?

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் வசந்தம் என்பது உறைபனி நீங்கி மண் வெதுவெதுப்படையும் காலம். ஆகவே அந்நாட்டு நூல்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விதைக்குமாறு கூறுகின்றன. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ள புனேயில் நிலைமை வேறு. அங்கு ஏப்ரல் மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 38 டிகிரி செல்சியஸ் அளவை எட்டுகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்துவிடுகிறது. எனவே குடிபாடவாப் பண்டிகையுடன் தொடங்கும் சைத்திர மாதம், பஞ்சாங்கத்தில் வசந்தமாயினும், தோட்டத்துக்கு வறட்சிக் காலமேயாகும். தமிழர் இப்பருவத்தை இளவேனில் எனப் பெயரிட்டது ஈண்டு நினைக்கத்தக்கது. வெம்மை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

குறிப்பிடத்தக்க நூல்கள்

பர்மிஞ்சர் என்னும் பாதிரியார் 1860-களில் வெளியிட்ட தோட்டக்கலைக் கையேடு புகழ்பெற்றது. ஆனால் அது வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் உரியதென்பதை அதன் தலைப்பே அறிவிக்கிறது. ஈரப்பதம் மிகுந்த வங்காளத்தின் முறைகள் தக்காணத்துக்கு அப்படியே பொருந்தா.

புனேக்கு மிக நெருங்கியது ஜி. மார்ஷல் உட்ரோ எழுதிய ‘இந்தியாவில் தோட்டக்கலை’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாகும். உட்ரோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனேயின் கணேஷ்கிண்டு தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். மழை, மண், வெயில் ஆகியவற்றை அவ்விடத்திலேயே கண்டறிந்தவர் என்பதால், அவர் நூல் இன்றும் பயன்தரும். எனினும் அதிலுள்ள தாவரப் பெயர்கள் சில இக்காலத்தில் மாறியுள்ளன.

கோபாலஸ்வாமி ஐயங்கார் 1935-இல் வெளியிட்ட முழுமையான தோட்டக்கலை நூல் தென்னிந்தியர் பலர் அறிந்தது. தேசியப் புத்தக நிறுவனம் 1967-இல் வெளியிட்ட பி. சௌத்ரியின் ‘காய்கறிகள்’ பற்றிய நூல், பயிர்தோறும் தனித்தனியே செய்திகளைத் தருவதால் தொடக்கநிலையினர்க்கு எளிது.

நூலைச் சோதிக்கும் முறை

எந்த நூலைக் கையிலெடுத்தாலும் நான்கு வினாக்களை எழுப்புதல் நலம்.

1. ஆசிரியர் எவ்வூரில் பயிரிட்டார்?
2. அவ்வூரில் மழை எம்மாதங்களில் பெய்கிறது?
3. அவர் கூறும் மண் எத்தகையது? புனே வட்டாரத்தின் கரிசல் மண் மழையில் நீர் கோத்துக்கொள்ளும், கோடையில் வெடிக்கும். ஆதலால் மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தியும் கோடையில் பள்ளப்பாத்தியும் ஏற்றவை.
4. நூல் எவ்வாண்டு வெளிவந்தது? பழைய நூல்கள் சில பரிந்துரைக்கும் பூச்சிமருந்துகள் இன்று தடைசெய்யப்பட்டவை. டி.டி.டி. மருந்தை வேளாண்மையில் பயன்படுத்துவது இந்தியாவில் 1989-இலும், பி.எச்.சி. மருந்து 1997-இலும் விலக்கப்பட்டன. உண்ணும் காய்கறிக்கு இத்தகைய பகுதிகளைப் பின்பற்றலாகாது.

தமிழ்நாட்டினர் தம் ஊர் வழக்கையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் பழக்கமுடையோர், புனேயில் ஜூன் மாதப் பருவமழை தொடங்கியதும் விதைப்பு தொடங்குவதைக் காண்பர். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்குக் கிடைக்கும் வடகிழக்குப் பருவமழையையும் அங்கு எதிர்பார்த்தல் கூடாது.

புனேயின் ஆண்டு முறை

சுரை, பீர்க்கு, வெண்டை, கொத்தவரை ஆகியவற்றை ஜனவரி, பிப்ரவரியில் விதைத்தால், கடும் வெயிலுக்கு முன் செடிகள் வேரூன்றிவிடும். பின்னர் மாலையில் நீர் பாய்ச்சி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுதல் வேண்டும். ஏப்ரல், மே மாதங்கள் புது விதைப்பினும் ஆயத்தத்துக்கே உரியவை. மரக்கன்றுகளுக்குக் குழிதோண்டி வெயிலில் ஆறப்போடுதலும், எரு மட்கவைத்தலும் அப்போது செய்யத்தக்கன. கன்றுகளை முதல் மழைக்குப் பின் நடலாம். முட்டைக்கோஸ், காலிபிளவர், பட்டாணி முதலியவற்றுக்குச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே தொடக்கமாகும்.

பள்ளித் தோட்டத்துக்கு இம்முறை மேலும் இன்றியமையாதது. மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் பொதுவாக மே மாதத்தில் விடுமுறை விட்டு, ஜூன் நடுவில் திறக்கின்றன. மார்ச் மாதத்தில் மாணவர் ஆர்வத்துடன் விதைத்த செடிகள் நீர் ஊற்றுவாரின்றி மே மாதத்தில் கருகினால், செடியோடு அவ்வார்வமும் கருகிவிடும். புதிய கல்வியாண்டின் முதல் வாரத்தில் விதைத்தாலோ, மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு விதைத்த நாள், முளைத்த நாள், மழை பெய்த நாள், காய்த்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்யலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அக்குறிப்பேடு அவ்வூருக்கே உரிய தோட்டக்கலை நூலாக அமையும். அச்சிட்ட நூல்கள் அதற்குத் துணைநிற்பனவேயன்றி, அதற்கு ஈடாகா.